பாத்திரம்

ஆண்டுக்கு நான்கு ஞாயிறு
பலகைத் தரைமேல் நீள மேசை போடுவார்கள்.
வெள்ளைத் துணி. வெள்ளித் தட்டு. ஒரே கிண்ணம்.
நானூறு பேர் நிறைந்த ஆலயத்தில்
எழுந்து போவது பதினோரு பேர்.
மற்ற நாங்கள் வாயில் பெப்பர்மின்ட்டை அடக்கிக்கொண்டு
முழங்கால்களைப் பார்த்திருப்போம்.

தோலன் தீவில் இதற்குப் பெயர் அடக்கம்.
கடல்மட்டத்துக்குக் கீழே குடியிருக்கிற சனம் நாங்கள்;
கரை கட்டியவர்கள்
கரையைத்தான் நம்புவார்கள்.
ஐம்பத்துமூன்றில் அது உடைந்த இரவை
தண்டனை என்றே அப்பா சொல்லி வந்தார்.
யாருடைய பாவத்துக்கு என்று ஒருமுறை கேட்டேன்.
அவர் ரொட்டியை வெட்டிக்கொண்டே இருந்தார்.

எழுபத்தாறு, பிப்ரவரி. எனக்குப் பத்தொன்பது.
வயிற்றில் நான்கு மாதம்.
மூப்பர் கொர்னேலிஸ் வாசித்தார்:
யாகொமினா. தகப்பன் பெயர். தெருவின் பெயர்.
ஏழாம் கட்டளை.
எழுந்து நின்றேன்.
மரினுஸும் நின்றான், ஆனால் அவனுக்கு
வயிறு தெரியவில்லை.
என் மேலங்கியில் மூன்றாம் பொத்தான் பூட்டவில்லை.
இப்போதும் கனவில்
அந்தப் பொத்தானைத்தான் தேடுகிறேன்.

மன்னிக்கப்பட்டது என்று அறிவித்தார்கள்.
அறிவித்த பிறகும் மளிகைக் கடையில்
சில்லறை என் கையில் விழவில்லை,
பலகையில் விழுந்தது.

மகள் பிறந்தாள். அவள் உச்சியை மோந்து
பாவம் இப்படியா மணக்கும் என்று நினைத்தேன்,
நினைத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன்.
கேட்டுக்கொண்டே இருந்தேன்,
உருளைக்கிழங்கு சீவும்போது, சைக்கிள் மிதிக்கும்போது,
மரினுஸ் என்னைத் தொடும்போது.
ஆண்டவரே, உம்மோடு நான் பேசியதெல்லாம்
அந்த ஒரே வார்த்தை.
உமக்கும் சலித்திருக்கும்.

நாற்பத்தோரு வருஷம் கழித்து
நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில்
பதினான்காம் அறைக்கு வந்து சேர்ந்தார் கொர்னேலிஸ்.
பெயர்களெல்லாம் உதிர்ந்துவிட்டன அவருக்கு,
என்னுடையதும்.
அநியாயம் என்று பட்டது.
என் தலையில் ஏற்றிவிட்டு
இவர் மட்டும் இறக்கிவைத்துவிட்டார்.

ஒரு மாலை
பாலில் நனைத்த ரொட்டியை நீட்டினேன்.
உதடுகளை இறுக்கிக்கொண்டார்.
"எனக்கில்லை. நான் பாத்திரன் அல்ல."
அந்தப் பயத்தை எனக்குத் தெரியும்,
கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.
அப்போதுதான் உறைத்தது:
மேசையைப் போட்டவர் இவர்;
அதில் உட்கார்ந்து ஒருநாளும் கண்டதில்லை.

"பசிக்கிறதா?" என்றேன்.
வெகுநேரம் கழித்து, குழந்தைபோல், "ஆமாம்."
"அப்படியானால் வாயைத் திறங்கள்.
இங்கே வேறொன்றும் கேட்கவில்லை."

சொன்னது நான்தான்.
ஆனால் அது யாருடைய குரல் என்று புரிய
படியிறங்கி, சைக்கிள் பூட்டைத் திறந்து,
கரைமேல் பாதி தூரம் போகவேண்டியிருந்தது.
எதிர்க்காற்று. இறங்கி நின்று அழுதேன்.
ஒரு செம்மறி மெல்லுவதை நிறுத்திப் பார்த்தது.

பாத்திரம்.
எத்தனை வருஷம் அந்தச் சொல்லைத்
தீர்ப்பாகவே கேட்டிருக்கிறேன்.
அடுக்களையில் கவிழ்ந்து கிடப்பதும் பாத்திரம்தானே,
பிடி உடைந்ததும், அடி கருகியதும்.
அதற்கென்ன தகுதி?
காலியாய் இருப்பது.
நிமிர்த்திவைத்தால் போதும்.

ஜூன் மாத ஞாயிறு எழுந்தேன்.
பலகை கிறீச்சிட்டது. பெப்பர்மின்ட் கடிபடும் சத்தம் நின்றது.
மரினுஸ் என் மேலங்கியைப் பற்றினான்;
தடுக்கிறான் என்று நினைத்தேன்.
கழற்றி வாங்கித்
தன் மடியில் வைத்துக்கொண்டான்.

ரொட்டி சற்றுக் காய்ந்திருந்தது.
தொண்டையில் ஆக்கினை இறங்கவில்லை,
ரொட்டிதான் இறங்கியது.
பதினான்காம் அறையில் நான் ஊட்டியதைவிடச்
சின்னத் துண்டு.

வெட்கம் போய்விட்டதா அம்மா என்று
மகள் தொலைபேசியில் கேட்டாள்.
எங்கே போகும்.
மேசையிலிருந்து திரும்பி வந்தபோது
என் இடத்திலேயே உட்கார்ந்திருந்தது.
கொஞ்சம் தள்ளு என்றேன்.
தள்ளியது.